மருத்துவ மாணவர் பயிற்சியில் பின்னூட்டம்

மருத்துவ மாணவர் பயிற்சியில் பின்னூட்டம் என்பது, மாணவர் ஒருவர் நோயாளியிடம் செய்த செயலை நேரில் பார்த்த ஆசிரியர், அதில் எது சரியாக இருந்தது, எது குறையாக இருந்தது, அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்று எடுத்துச் சொல்வதையும், அதை மாணவர் தம் அடுத்த முயற்சியில் பயன்படுத்துவதையும் குறிக்கும். நோய் வரலாறு கேட்டல், உடல் பரிசோதனை, இரத்தம் எடுத்தல், தையல் போடுதல், நோயாளிக்கும் குடும்பத்தினருக்கும் நோயை விளக்குதல் போன்ற திறன்களை நூல்களைப் படித்து மட்டும் பெற முடியாது. அவற்றைச் செய்து, திருத்தப்பட்டு, மீண்டும் செய்தே கற்க வேண்டும். இம்மூன்றில் நடுவில் நிற்கும் திருத்தமே பின்னூட்டம் ஆகும்.

இது தொடர்பாகப் பல நாடுகளின் மருத்துவக் கல்லூரிகளில் ஒரே வகையான முரண்பாடு காணப்படுகிறது. ஆசிரியர்கள் தாம் போதிய அளவு பின்னூட்டம் தருவதாகக் கருதுகின்றனர். மாணவர்கள் தமக்கு அது கிடைப்பதே இல்லை என்கின்றனர். இரு தரப்பினரும் உண்மையையே சொல்கின்றனர். சொல்லப்படும் கருத்து மாணவரின் அடுத்த செயலை மாற்றாதபோது, ஆசிரியருக்கு அது பின்னூட்டமாகத் தெரிகிறது. மாணவருக்குக் கடந்துபோகும் ஒரு சொல்லாகத் தெரிகிறது.

பெயரும் கருத்தும்

பின்னூட்டம் என்ற கருத்து பொறியியலிலிருந்து கல்வித்துறைக்கு வந்தது. ஓர் இயந்திரத்தின் வெளியீட்டை அளந்து, அந்த அளவைக் கொண்டு இயந்திரத்தின் இயக்கத்தையே சரிசெய்வது அதன் முதற்பொருள். வீட்டிலுள்ள குளிர்பதனப் பெட்டி இதற்கு எளிய எடுத்துக்காட்டு. உள்ளே வெப்பம் கூடினால் இயந்திரம் ஓடத் தொடங்குகிறது. போதிய அளவு குளிர்ந்ததும் நின்றுவிடுகிறது. அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் 1948இல் வெளியிட்ட ‘சைபர்நெட்டிக்ஸ்’ என்ற நூல், இக்கருத்து இயந்திரங்களுக்கும் உயிரினங்களுக்கும் பொதுவானது என்று விளக்கியது.

மருத்துவக் கல்வியில் இக்கருத்தை நிலைநிறுத்தியது, அமெரிக்க மருத்துவர் ஜாக் எண்டே 1983இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் எழுதிய கட்டுரையாகும். வணிக நிர்வாகம், உளவியல், கல்வி ஆகிய துறைகளில் அறியப்பட்டிருந்தவற்றைத் திரட்டி, மருத்துவப் பயிற்சியில் பின்னூட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் வகுத்துக் காட்டினார். அதில் அவர் சுட்டிய சிக்கல்களுள் ஒன்று ‘மறைந்துபோகும் பின்னூட்டம்’. மாணவர் மனம் நோகுமோ என்று ஆசிரியர் சுற்றிவளைத்துப் பேசுகிறார். கெட்ட செய்தி வருமோ என்று அஞ்சும் மாணவரும் மேலே கேட்பதில்லை. இருவரும் சேர்ந்து தவிர்ப்பதால், சொல்லப்பட வேண்டிய செய்தி இடையிலேயே மறைந்துபோகிறது.

பொறியியல் பொருளை நினைவில் வைத்திருப்பது இன்றும் பயனுள்ளது. குளிர்பதனப் பெட்டியில் வெப்பநிலையைக் காட்டும் முள் மட்டும் இருந்து, அது இயந்திரத்தின் ஓட்டத்தை மாற்றாவிட்டால், அது பின்னூட்டம் ஆகாது; வெறும் அளவீடுதான். அதுபோல, மாணவரின் அடுத்த முயற்சியைச் சென்றடையாத அறிவுரையும் பின்னூட்டம் ஆவதில்லை.

மதிப்பீட்டிலிருந்து வேறுபாடு

பின்னூட்டமும் மதிப்பீடும் அடிக்கடி ஒன்றாகக் கருதப்படுகின்றன. மதிப்பீடு முடிந்துபோன செயலுக்கு மதிப்பெண்ணோ தரமோ வழங்குகிறது. அது ‘தேர்ச்சி பெற்றாரா’ என்ற கேள்விக்கு விடை தருகிறது. பின்னூட்டம் இனி வரும் செயலைப் பற்றியது. அது ‘அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்’ என்ற கேள்விக்கு விடை தருகிறது. ஐம்பதுக்கு முப்பத்திரண்டு மதிப்பெண் பெற்ற மாணவருக்கு, தாம் எந்த இடத்தில் பதினெட்டை இழந்தோம் என்பது அந்த எண்ணிலிருந்து தெரியாது.

இவ்விரண்டும் ஒரே நேரத்தில் வரும்போது மாணவரின் கவனம் மதிப்பெண்ணின் மீதே செல்கிறது. தவறைத் தெரிந்துகொள்வதைவிட மறைப்பதே அவருக்கு ஆதாயமாகிவிடுகிறது. எனவே மதிப்பெண் இல்லாத சூழலில் தரப்படும் பின்னூட்டத்துக்குத் தனி இடம் வேண்டும் என்று மருத்துவக் கல்வியாளர்கள் வலியுறுத்துகின்றனர்.

தேவை

மருத்துவப் பயிற்சியில் செய்த தவறு தானாக வெளிப்படுவது அரிது. சமையலில் உப்புக் கூடினால் நாக்கு சொல்லிவிடும். இரத்த அழுத்தத்தைத் தவறாக அளந்த மாணவருக்கு அப்படி எதுவும் சொல்வதில்லை. கைப்பட்டையைச் சட்டைக் கையின் மேலேயே சுற்றினாலும், பருத்த கைக்குச் சிறிய பட்டையைப் பயன்படுத்தினாலும், காற்றை வேகமாக இறக்கினாலும் ஓர் எண் கிடைக்கவே செய்யும். அந்த எண் பார்ப்பதற்குச் சரியான எண்ணைப் போலவே இருக்கும். சிறிய பட்டை உண்மையைவிடக் கூடுதலான அளவைக் காட்டும். அதை நம்பித் தேவையற்ற மருந்து எழுதப்படலாம். காற்றை வேகமாக இறக்கினால் மேல் அளவு குறைவாகத் தெரியும். உண்மையான உயர் அழுத்தம் கண்ணில் படாமல் போகலாம்.

நோயாளியும் பெரும்பாலும் குறை சொல்வதில்லை. மாணவர் தம் பேச்சை இடையில் வெட்டினாலும், பரிசோதனையில் வலி உண்டாக்கினாலும், ‘படிக்கிற பிள்ளை’ என்று பொறுத்துக்கொள்பவர்களே அதிகம். ஆகவே பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர் சொன்னால் ஒழியத் தவறு தெரியவராது. தெரியாத தவறு பழக்கமாகிறது. பழக்கமான தவறு, படிப்பு முடிந்து தனியாக நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கும் காலத்துக்கும் கூடவே வருகிறது.

தன்னைத் தானே மதிப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணமும் முழுமையாகப் பொருந்துவதில்லை. மருத்துவர்களின் தன்மதிப்பீட்டை வெளியார் அளந்த திறனோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து, டேவிட் டேவிஸ் குழுவினர் 2006இல் ஒரு மீளாய்வை வெளியிட்டனர். தம் திறனைத் துல்லியமாக மதிப்பிடும் ஆற்றல் மருத்துவர்களுக்குக் குறைவாகவே இருப்பதையும், திறன் குறைந்தும் தன்னம்பிக்கை மிகுந்தும் இருப்பவர்களிடம் இக்குறை கூடுதலாக இருப்பதையும் அது காட்டியது. திருத்தம் யாருக்கு மிகவும் தேவையோ, அவருக்கே அத்தேவை தெரியாமல் போகலாம் என்பது இதன் பொருள்.

பாராட்டும் பின்னூட்டமும்

மாணவருக்குப் பிடித்திருந்தது என்பதால் மட்டும் பின்னூட்டம் நன்றாக அமைந்தது என்று கொள்ள முடியாது. இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வொன்று 2006இல் அமெரிக்காவில் மார்கரெட் போலர் குழுவினரால் வெளியிடப்பட்டது. மருத்துவ மாணவர்களுக்கு இரு கைகளால் அறுவை முடிச்சு போடக் கற்றுத்தரப்பட்டது. அவர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு எந்தக் கை அசைவை மாற்ற வேண்டும் என்று குறிப்பான திருத்தங்கள் சொல்லப்பட்டன. மற்றக் குழுவினருக்குப் பொதுவான பாராட்டு மட்டும் கிடைத்தது. பின்னர் திறனை அளந்தபோது, திருத்தம் பெற்றவர்கள் முன்னேறியிருந்தனர்; பாராட்டு மட்டும் பெற்றவர்கள் முன்னேறவில்லை. ஆனால் பயிற்சி மனநிறைவு தந்ததா என்று கேட்டபோது, கூடுதல் மனநிறைவு தெரிவித்தவர்கள் பாராட்டப்பட்டவர்களே.

பாராட்டு வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சரியாகச் செய்ததைக் குறிப்பாகச் சுட்டுவதும் பின்னூட்டமே; அது சுட்டப்படாவிட்டால், மாணவர் அடுத்த முறை அதைக் கைவிட்டுவிடலாம். ‘நல்லா பண்ணினே’ என்பது பாராட்டு. ‘கேள்வியைக் கேட்டுட்டு, அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நீ பேசாம இருந்தே, அதனாலதான் குடிப்பழக்கத்தை அவரே சொன்னார்’ என்பது பின்னூட்டம்.

பின்னூட்டம் எப்போதும் நன்மையே செய்யும் என்பதும் சரியன்று. ஆவ்ரகம் குளூகர், ஏஞ்சலோ டெனிசி ஆகிய உளவியலாளர்கள் பல துறைகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்ட பகுப்பாய்வு, பின்னூட்டம் சராசரியாகச் செயல்திறனை உயர்த்தினாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் அதைக் குறைத்துவிட்டதாகக் காட்டியது. கவனம் செய்யும் வேலையை விட்டு விலகி, ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற கேள்வியின் பக்கம் திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ‘நீ டாக்டராகி என்ன செய்யப் போறே’ என்ற வகைச் சொற்கள் ஏன் யாரையும் திருத்துவதில்லை என்பதற்கும், ‘நீ கெட்டிக்காரன்’ என்ற சொல்லும் ஏன் பெரிதாக எதையும் கற்பிப்பதில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

நல்ல பின்னூட்டத்தின் கூறுகள்

மருத்துவக் கல்வி இலக்கியத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட கூறுகள் வருமாறு:

• நேரடிக் கவனிப்பு: மாணவர் செய்ததை ஆசிரியர் தம் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பிறர் சொன்னதையோ பொது எண்ணத்தையோ கொண்டு பேசக் கூடாது.

• குறிப்பான தன்மை: ‘இரத்த அழுத்தம் சரியாகப் பார்க்கவில்லை’ என்பதைவிட, ‘காற்றை வேகமாக இறக்கினீர்கள், நொடிக்கு 2 மில்லிமீட்டர் அளவில் இறக்குங்கள்’ என்பது பயன் தரும்.

• செயலைப் பற்றியது: ஆளின் இயல்பைப் பற்றிப் பேசாமல் செயலைப் பற்றிப் பேச வேண்டும். ‘அக்கறையில்லாதவர்’ என்பது இயல்பைப் பற்றிய தீர்ப்பு. ‘நோயாளி அழுதபோது நீங்கள் குறிப்பேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தீர்கள்’ என்பது செயலைப் பற்றிய கூற்று.

• உரிய நேரம்: செயலுக்கும் பின்னூட்டத்துக்கும் இடையே நாள்கள் கடந்தால் இருவருக்குமே விவரங்கள் மறந்துவிடும்.

• குறைந்த அளவு: ஒரே நேரத்தில் பத்துக் குறைகளைச் சொன்னால் எதுவும் மனத்தில் தங்காது. மாற்ற வேண்டியவற்றுள் முதன்மையான ஒன்றிரண்டே போதும்.

• மாணவரின் கருத்தில் தொடங்குதல்: மாணவர் தம் செயலை எப்படிப் பார்க்கிறார் என்று முதலில் கேட்டால், அவர் ஏற்கெனவே அறிந்ததை மீண்டும் சொல்ல வேண்டியதில்லை, அறியாததைச் சொல்ல நேரம் கிடைக்கும்.

• அடுத்த வாய்ப்பு: சொன்னதைச் செய்துபார்க்க இன்னொரு நோயாளி, இன்னொரு நாள் முடிவு செய்யப்பட வேண்டும்.

நியூசிலாந்தில் பணியாற்றிய கல்வியாளர்கள் ஜான் ஹாட்டி, ஹெலன் டிம்பர்லி ஆகியோர் 2007இல் இதை மூன்று கேள்விகளாகச் சுருக்கினர்: எங்கே செல்ல வேண்டும்? இப்போது எந்த நிலையில் இருக்கிறேன்? அடுத்த அடி என்ன? நடைமுறையில் இரண்டாவது கேள்வியோடு பேச்சு நின்றுவிடுவதே வழக்கம். மூன்றாவதுதான் மாணவரின் கையில் வேலையாக மாறக்கூடியது.

நடைமுறையில் உள்ள முறைகள்

சாண்ட்விச் முறை: ஒரு பாராட்டு, நடுவில் ஒரு குறை, முடிவில் மீண்டும் ஒரு பாராட்டு என அமைவது. எளிது என்பதால் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் மாணவர்கள் இதை விரைவில் அடையாளம் கண்டுகொள்கின்றனர். முதல் பாராட்டைக் கேட்டதும் ‘அடுத்து என்ன குறை’ என்று காத்திருக்கின்றனர். அல்லது இரண்டு பாராட்டுகளுக்கு நடுவில் குறை அமுங்கிப்போகிறது.

பென்டில்டன் முறை: இங்கிலாந்தில் டேவிட் பென்டில்டனும் உடன் பணியாற்றியோரும் 1984இல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. எது நன்றாக அமைந்தது என்று முதலில் மாணவர் சொல்கிறார், பிறகு ஆசிரியர் சொல்கிறார். எதை வேறுவிதமாகச் செய்யலாம் என்று மீண்டும் முதலில் மாணவரும் பிறகு ஆசிரியரும் சொல்கின்றனர். மாணவரின் மதிப்பைக் காக்கும் முறை இது. வரிசையை இறுக்கமாகப் பின்பற்றினால் பேச்சு செயற்கையாகிவிடும் என்பது இதன் மீதான விமர்சனம்.

ஒரு நிமிட ஆசிரியர் முறை: ஜான் நேஹர் குழுவினர் 1992இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவப் பயிற்சிக்காக உருவாக்கியது. புறநோயாளிப் பிரிவு போன்ற நெரிசலான இடங்களுக்கு ஏற்றது. இதில் ஐந்து படிகள் உள்ளன: மாணவரை ஒரு முடிவு சொல்ல வைத்தல், அதற்கான காரணத்தைக் கேட்டல், ஒரு பொது விதியைக் கற்பித்தல், சரியாகச் செய்ததைச் சுட்டுதல், தவறைத் திருத்துதல். இறுதி இரண்டு படிகளும் பின்னூட்டமே.

மினி சி.இ.எக்ஸ். முறை: அமெரிக்க உள்மருத்துவ வாரியத்தைச் சேர்ந்த ஜான் நார்சினியும் உடனிருந்தோரும் 1995இல் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பிருந்த முறையில் ஒரே ஆசிரியர் ஒரே நோயாளியுடன் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மாணவரைக் கவனிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக 15 முதல் 20 நிமிடங்கள் நீளும் சிறு சந்திப்புகளை, வெவ்வேறு ஆசிரியர்கள், வெவ்வேறு நோயாளிகளுடன் பலமுறை கவனித்து, உடனுக்குடன் கருத்துச் சொல்வது இதன் அடிப்படை. நேரடிக் கவனிப்பைக் கட்டாயமாக்குவதே இதன் பெரும் பலன்.

ஆர்2சி2 முறை: கனடாவின் ஜோன் சார்ஜன்ட் குழுவினர் 2015இல் வெளியிட்டது. முதலில் உறவை ஏற்படுத்துதல், பின்னர் மாணவரின் உணர்வுகளைக் கேட்டறிதல், பிறகு உள்ளடக்கத்தை இருவரும் புரிந்துகொள்ளுதல், இறுதியில் மாற்றத்துக்கு வழிகாட்டுதல் என நான்கு கட்டங்கள் கொண்டது. சொல்லப்பட்டதை மாணவர் ஏற்றுக்கொள்வதற்கு உறவும் நம்பிக்கையும் தேவை என்ற அண்மைக்கால ஆய்வுப்போக்கை இது காட்டுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட கற்பனை உரையாடல். வலது மேல்வயிற்றில் வலியுடன் சேர்க்கப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றை மாணவர் பரிசோதிப்பதை ஆசிரியர் அருகில் நின்று பார்த்திருக்கிறார். பின்பு இருவரும் வார்டுக்கு வெளியே பேசுகின்றனர்.

ஆசிரியர்: “எது நல்லா வந்துச்சுன்னு நினைக்கிறே?”

மாணவர்: “வரிசைப்படி செஞ்சேன் மேடம். ஆனா கல்லீரல் கையில தட்டுப்பட்டுச்சா இல்லையான்னு சரியாச் சொல்ல முடியல.”

ஆசிரியர்: “திரையை இழுத்துவிட்டது, அனுமதி கேட்டது, கையைத் தேய்ச்சுச் சூடாக்கிக்கிட்டது மூணும் சரி. அதை எப்பவும் விட்டுடாதே. மாத்த வேண்டியது ஒண்ணுதான். வலி எந்த இடத்துலன்னு அந்த அம்மா முதல்லயே சொன்னாங்க. நீ நேரா அங்கேயே கையை வெச்சே. வயிறு உடனே இறுகிடுச்சு. இறுகின வயித்துல எதுவும் கைக்குத் தெரியாது. அவங்க முகம் சுளிச்சதையும் நீ பார்க்கல. உன் கண்ணு கையிலேயே இருந்துச்சு.”

மாணவர்: “ஆமா மேடம், கவனிக்கல. அப்போ எங்கேருந்து தொடங்கணும்?”

ஆசிரியர்: “வலியில்லாத பக்கத்துலேருந்து தொடங்கு, வலிக்கிற இடத்தைக் கடைசியாத் தொடு. கை வயித்துல, கண்ணு முகத்துல. நாளைக்குக் காலையில ரவுண்ட்ஸுக்கு முன்னாடி எட்டாம் படுக்கை ஐயாகிட்ட அனுமதி கேட்டு நீ பரிசோதனை பண்ணு. நான் வந்து பார்க்கிறேன்.”

இந்த உரையாடலுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆசிரியர் சொன்ன ஒவ்வொன்றும் அவர் நேரில் கண்டது. காக்க வேண்டிய மூன்று செயல்களும் மாற்ற வேண்டிய ஒன்றும் பெயர் சொல்லிச் சுட்டப்பட்டன. மாணவர் குழம்பிய இடத்துக்கும் அவர் செய்த தவறுக்கும் உள்ள தொடர்பு விளக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, மறுநாள் காலை என்று ஒரு நேரமும், பார்க்க ஓர் ஆசிரியரும் முடிவாயினர். இந்த இறுதிப் பகுதி இல்லாவிட்டால் மற்றவை யாவும் நல்ல அறிவுரையாக மட்டும் நின்றிருக்கும்.

தடைகள்

நேரமின்மையே முதலில் சொல்லப்படும் தடை. அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவில் வரிசை நீண்டிருக்கும்போது ஒவ்வொரு மாணவரையும் கவனிப்பது கடினம் என்பது உண்மை. எனினும், பின்னூட்டத்தில் நேரத்தை எடுப்பது பேச்சு அன்று, அதற்கு முந்தைய கவனிப்புதான். முழுப் பரிசோதனையையும் கவனிக்க வேண்டியதில்லை. ஒரு பகுதியை ஐந்து நிமிடம் கவனித்தாலே சொல்வதற்கு ஒன்று கிடைத்துவிடும்.

இரண்டாவது தடை, மனம் நோகுமோ என்ற தயக்கம். இதற்கு நேர் எதிரான மூன்றாவது தடை, பலர் முன்னிலையில் அவமானப்படுத்துதல். நோயாளியும் செவிலியர்களும் உடன் பயிலும் மாணவர்களும் சூழ நிற்க, ஒருவரைக் கேள்விகளால் திணறடித்துத் திட்டுவது நெடுநாளாகக் கற்பித்தலின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டு வந்தது. இதனால் மாணவர் கற்பது ஒன்றே: தெரியாததைத் தெரிந்தது போலக் காட்டுவது. பார்க்காத அறிகுறியைப் பார்த்ததாகச் சொல்லும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. அது நோயாளிக்கு நேரடி ஆபத்து. உடனடியாகத் தீங்கு நேரும் நிலையில் ஆசிரியர் அங்கேயே தடுத்து நிறுத்த வேண்டும். மற்ற திருத்தங்களைத் தனியிடத்தில் சொல்லலாம்.

நான்காவது, மாணவர்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை துறை மாறுவது. ஒருவர் சொன்ன திருத்தம் நிறைவேறியதா என்று பார்க்க அவர் இருப்பதில்லை. அடுத்த ஆசிரியருக்கு அப்படி ஒன்று சொல்லப்பட்டதே தெரியாது. ஐந்தாவது, மாணவர்கள் பின்னூட்டத்தை அடையாளம் காணாமல் போவது. நடந்துகொண்டே சொல்லப்படும் திருத்தம் பொதுப் பேச்சாகக் கடந்துபோகிறது. ‘இப்போது நீ செய்ததைப் பற்றிச் சொல்கிறேன்’ என்று தொடங்குவதே இதற்கு எளிய தீர்வு.

ஆறாவது, படிவம் நிரப்புதல். ஐக்கிய இராச்சியத்தில் 2005இல் தொடங்கிய இளம் மருத்துவர் அடித்தளப் பயிற்சித் திட்டத்தில் பணியிட மதிப்பீட்டுப் படிவங்கள் கட்டாயமாயின. அவை கற்பதற்கான வாய்ப்பாக இல்லாமல், கையொப்பம் வாங்க வேண்டிய தாள்களாக மாறிவிட்டன என்ற குறை எழுந்தது. 2012இல் அவற்றுள் பல ‘மேற்பார்வையிடப்பட்ட கற்றல் நிகழ்வுகள்’ என்று மாற்றப்பட்டு, மதிப்பெண்ணை விடப் பின்னூட்டத்துக்கு முதன்மை தரப்பட்டது.

மாணவரின் பங்கு

பின்னூட்டம் ஆசிரியர் கொடுத்து மாணவர் வாங்கிக்கொள்ளும் பொருள் என்ற பார்வை மாறிவருகிறது. டேவிட் பவுட், எலிசபெத் மொல்லாய் போன்ற ஆத்திரேலியக் கல்வியாளர்கள், அதைத் தேடிப் பெறுவதும், பொருள் புரிந்துகொள்வதும், பயன்படுத்துவதும் மாணவரின் வேலை என்கின்றனர்.

‘எப்படி இருந்துச்சு சார்?’ என்று பொதுவாகக் கேட்டால், ‘பரவாயில்லை’ என்று பொதுவான விடைதான் வரும். செயலுக்கு முன்பே, ‘இன்னிக்கு இதய ஒலி கேட்கிறப்போ ஸ்டெதஸ்கோப்பைச் சரியான இடத்துல வைக்கிறேனான்னு மட்டும் பாருங்க சார்’ என்று கேட்டுக்கொண்டால், ஆசிரியருக்கும் எதைக் கவனிப்பது என்று தெளிவாகிறது. கேட்டதை அன்றே ஒரு வரியில் எழுதி வைப்பதும், அடுத்த துறைக்குச் செல்லும்போது அதை அங்குள்ள ஆசிரியரிடம் காட்டுவதும், துறை மாற்றத்தால் வரும் இடைவெளியை ஓரளவு நிரப்பும்.

திருத்தம் கேட்கும்போது முகம் வாடுவது இயல்பே. அந்த நேரத்தில் காரணம் சொல்லி வாதிடாமல், ‘நீங்கள் பார்த்தது எந்த இடத்தில்?’ என்று கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது. சொன்னது தவறாகவே இருந்தாலும், அப்படி ஏன் தோன்றியது என்பதை அறிவதில் பயன் உண்டு. செவிலியர்களும் நோயாளிகளும்கூடப் பின்னூட்டம் தரக்கூடியவர்கள். ஊசி போட்டது வலித்ததா, சொன்னது புரிந்ததா என்பதை நோயாளியை விட நன்றாகச் சொல்லக்கூடியவர் வேறு யாரும் இல்லை.

இந்தியாவில்

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டுகளும், அதைத் தொடர்ந்து ஓராண்டு கட்டாய உள்ளுறைப் பயிற்சியும் கொண்டது. 2019இல் சேர்ந்த மாணவர்கள் முதல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்போது மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்தியது இந்திய மருத்துவக் கழகம். 2020 செப்டம்பர் முதல் அப்பொறுப்பை தேசிய மருத்துவ ஆணையம் வகிக்கிறது.

இப்பாடத்திட்டத்தில் ‘லாக் புக்’ எனப்படும் பதிவேட்டுக்கு முக்கிய இடம் உண்டு. வழிகாட்டுதலில் தரப்பட்ட அட்டவணையில், திறனின் எண், செயலின் பெயர், நாள், முதல் முயற்சியா மறுமுயற்சியா, தர அளவு, ஆசிரியரின் முடிவு, ஆசிரியரின் சுருக்கொப்பம் ஆகியவற்றுக்குப் பின் இறுதிக் கட்டம் ‘பின்னூட்டம் பெறப்பட்டது’ என்பதாகும். அதில் ஒப்பமிட வேண்டியவர் மாணவர். முழுமையாகப் பின்பற்றினால் இந்த அட்டவணை பின்னூட்டத்தின் எல்லாக் கூறுகளையும் கொண்டிருக்கிறது; மறுமுயற்சிக்குக்கூட இடம் இருக்கிறது. ஆனால் துறை மாறும் நாளன்று ஒரே அமர்வில் எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டால், ஒப்பம் மட்டும் இருக்கும். நடந்தது ஒன்றும் இருக்காது.

தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரிகளில் மொழி சார்ந்த ஒரு கூடுதல் காரணமும் உள்ளது. மாணவர் நோயாளியிடம் தமிழில் பேசுகிறார். அதை ஆசிரியரிடம் ஆங்கிலத்தில் எடுத்துரைக்கிறார். ஆசிரியர் கேட்பதும் திருத்துவதும் பெரும்பாலும் அந்த ஆங்கில உரையைத்தான். நோயாளி ‘மயக்கமா வருது’ என்கிறார். அவர் கருதியது நினைவிழப்பாக இருக்கலாம், தலைசுற்றலாக இருக்கலாம், கண்ணை இருட்டிக்கொண்டு வரும் சோர்வாகவும் இருக்கலாம். இம்மூன்றுக்கும் காரணங்கள் வேறு, பரிசோதனைகளும் வேறு. எது என்று கேட்காமலே மாணவர் அதற்கு ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதிவிட்டால், எடுத்துரைப்பு பிழையின்றி அமையும். நோய் வரலாறு தவறாகிவிடும். நோயாளியும் மாணவரும் பேசிய தமிழைக் கேட்டவரால் மட்டுமே இத்தவறைக் கண்டுபிடிக்க முடியும். எனவே நேரடிக் கவனிப்பு இங்கு இரட்டிப்புத் தேவையாகிறது.

மேம்படுத்தும் வழிகள்

ஆசிரியர் அளவில்: ஒரு நாளைக்கு ஒரு மாணவர், ஒரு செயல், ஐந்து நிமிடக் கவனிப்பு, இரண்டு நிமிடப் பேச்சு என்ற சிறிய அளவில் தொடங்கலாம். இருபது மாணவர்கள் கொண்ட குழுவில் நான்கு ஆசிரியர்கள் இதைச் செய்தால், ஐந்து வேலை நாள்களில் ஒவ்வொருவரும் ஒருமுறை கவனிக்கப்படுவர்.

துறை அளவில்: ஒவ்வொரு பயிற்சிக் காலத்தின் தொடக்கத்தில் எவை எதிர்பார்க்கப்படுகின்றன என்று மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். எதிர்பார்ப்பு தெரியாதவருக்குக் குறை சொல்வது, எல்லைக்கோடு போடாத களத்தில் ‘அவுட்’ சொல்வது போன்றது. பயிற்சிக் காலத்தின் இடைப்பகுதியில் ஒரு சந்திப்பு வைத்தால், திருத்திக்கொள்ள எஞ்சிய நாள்கள் இருக்கும். கடைசி நாளில் சொல்லப்படும் குறை மாணவருக்கு வருத்தத்தை மட்டும் தரும்.

நிறுவன அளவில்: பின்னூட்டம் தருவதும் கற்று வரும் திறன்தான் என்பதால் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தேவை. தேசிய மருத்துவ ஆணையம் மருத்துவ ஆசிரியர்களுக்கான அடிப்படைக் கல்விப் பயிற்சிகளை இதற்கென அமைக்கப்பட்ட மையங்கள் வழியாக நடத்துகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அவற்றுள் ஒன்று. ஆசிரியரின் பணியை அளக்கும்போது நோயாளி எண்ணிக்கையோடும் ஆய்வுக் கட்டுரைகளோடும் கற்பித்தலும் கணக்கில் வந்தால்தான் அதற்கு நேரம் ஒதுக்கப்படும். மூத்த மருத்துவர்கள் தம் செயலைப் பற்றி மாணவர்களிடமும் செவிலியர்களிடமும் கருத்துக் கேட்பதை மாணவர்கள் காணும்போது, திருத்தப்படுவது தோல்வி அன்று, மருத்துவ வாழ்வின் வழக்கம் என்று உணர்கின்றனர்.

இவை பயன் தந்தனவா என்பதை அறிய, எத்தனை முறை பின்னூட்டம் தரப்பட்டது என்று எண்ணுவதும், மாணவர்கள் மனநிறைவு அடைந்தனரா என்று கேட்பதும் போதா. சட்டைக் கையின் மேல் பட்டையைச் சுற்றிய மாணவர், அடுத்த நோயாளியிடம் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு அளந்தாரா என்பதே சரியான கேள்வி. அதற்கு விடை காண வேண்டுமானால், முதல்முறை கவனித்தது போலவே இரண்டாம் முறையும் ஒருவர் அருகில் நின்று கவனிக்க வேண்டும்.